கல்லைத் தட்டும் பையனுக்கு என்ன வேலை கிடைக்கும்?

வணக்கம் அம்மா. நுண்கலைப் படிப்பின் இறுதியாண்டு நிகழ்ச்சிக்காக, பார்வையாளர் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கற்கோடரி செய்யப்போகிறேன் என்கிறான் உங்கள் மகன். "கல் உடைக்கவா காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். நிகழ்த்துகலையை மட்டும் நம்பினால் மாதச் சம்பளம் வராது. அதை நானே அவனிடம் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கைவேலைக்கு வேறு இடத்தில் மதிப்பு உண்டு. பழைய கருவிகளைத் தாங்களே செய்து பார்த்து, எப்படி அடித்தால் எப்படிச் சில்லு பெயர்கிறது என்று ஆராய்வதைச் சோதனைத் தொல்லியல் என்கிறார்கள். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுநிலைப் படிப்பே இருக்கிறது. செலவு அதிகம், இப்போதே கடன் வாங்கிவிடாதீர்கள். முதலில் பட்டத்தை முடிக்கட்டும். அப்புறம் இங்கேயே தொல்லியல் எம்.ஏ. சேரலாம், எந்த இளநிலைப் பட்டத்தையும் ஏற்கும் இடங்கள் உண்டு, சேர்க்கை விதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1863-ல் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்த மண் இது. திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. சில்லைப் பார்த்ததும் அடி எங்கே விழுந்தது என்று சொல்லத் தெரிந்த மாணவன் அகழாய்வுக் குழுவிலும் அருங்காட்சியகப் பயிலரங்கிலும் தனித்துத் தெரிவான்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு. கல்தூசி நுரையீரலைக் கெடுக்கும். இங்கிலாந்தின் பிராண்டனில் துப்பாக்கிகளுக்குச் சிக்கிமுக்கிக் கல் செதுக்கியவர்கள் பலர் சிலிக்கோசிஸ் என்ற, கல்தூசியால் வரும் நுரையீரல் நோயில் செத்தார்கள். எனவே திறந்தவெளியில், முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுத்தான் தட்ட வேண்டும். பார்வையாளரும் தள்ளி உட்காரட்டும். வெளிநாட்டு வீடியோக்களில் மான்கொம்பால் தட்டுவார்கள். இங்கே அதை வாங்கப் போனால் வன உயிரினச் சட்டத்தில் மாட்டிக்கொள்வான்; கெட்டியான மரக்கட்டை போதும். வில், அம்பு செய்தால் வைக்கோல் பொம்மைமேல் மட்டும் எய்து பார்க்கச் சொல்லுங்கள், உயிருள்ள எதன்மேலும் வேண்டாம்.

இன்னொன்று. தொல்லியல் இடங்களில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது. தான் உடைத்ததை அங்கே போடவும் கூடாது, பின்னால் வரும் ஆய்வாளர் குழம்பிப்போவார். தார்ப்பாய் விரித்து அதன்மேல் வேலை செய்து, சில்லுகளை மொத்தமாக அள்ளி, தேதியும் கல் வாங்கிய இடமும் எழுதிப் பையில் கட்டி வைக்கட்டும். முழு நிகழ்ச்சியையும் வெட்டாமல் வீடியோ எடுக்கட்டும். எம்.ஏ. நேர்காணலுக்குப் போகும்போது இந்த இரண்டையும் கையோடு கொண்டுபோகலாம்.