மகமைப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் இருக்கலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் ஓர் ஊர். வீட்டு வளவிலேயே அடுப்பு போட்டு மணகோலம், சீப்புச்சீடை, கைமுறுக்கு செய்து விற்கிறேன். ஆண்டுக்கு 28 லட்சம் வியாபாரம். பெங்களூருக்கும் கூரியரில் போகிறது. ஜிஎஸ்டி எடுக்கவில்லை. லாபத்தில் ரூபாய்க்கு மூன்று காசு தர்மத்துக்கென்று மகமையாக எடுத்து வைத்து, மாமனார் பெயரில் 2022-இல் பதிவு செய்த அறக்கட்டளைக்குச் செலவழிக்கிறோம். சொந்தக்காரர்களும் கொடுக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் அனுப்புகிறார். அறக்கட்டளை வரவு எல்லாமே என் கணக்கில்தான் விழுகிறது. ஆண்டுக்கு 7 லட்சம் இருக்கும். மகமையைக் கடைச் செலவாகக் காட்டி வரியில் கழிக்கலாமா?

பதில்: ஆச்சி, கழிக்க முடியாது. உங்கள் நிலைமையில் கழிக்க வேண்டிய தேவையும் இல்லை. நான் பயப்படுவது, நீங்கள் கேள்வியின் நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த ஒரே கணக்கைப் பார்த்துத்தான்.

முதலில் மகமை. லாபம் கைக்கு வந்த பிறகு அதிலிருந்து தர்மத்துக்கு எடுத்து வைப்பது, உங்கள் வருமானத்தை நீங்கள் செலவழிக்கும் ஒரு விதம். வருமானம் உங்களுடையதுதான், அதனால் வரிக் கணக்கில் அது குறையாது. வாடிக்கையாளர் விலைக்கு மேல் தர்மத்துக்கென்றே தனியாகக் கொடுத்து, அது பில்லிலும் பேரேட்டிலும் தனியாக நின்றால் கதை வேறு. அது வியாபாரியின் வருமானமே ஆகாது என்று பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுடையது முதல் வகை.

சரி, தேவை ஏன் இல்லை? உங்களைப் போன்ற சிறு வியாபாரத்துக்கு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி பிரிவு இருக்கிறது. வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். 28 லட்சமும் வங்கியில் வந்திருந்தால் 1,68,000 ரூபாய். உண்மை லாபம் அதைப்போல மூன்று மடங்கு என்று காட்டினாலும், 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடி உண்டு. வரி வராது.

ஆனால் வங்கிக் கணக்கைப் பார்க்கும் அதிகாரிக்கு 28 லட்சம் தெரியாது, 35 லட்சம் தெரியும். அந்த 7 லட்சம் முறுக்கு விற்ற பணமில்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கடை முகப்பில், சீடை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையிலேயே நன்கொடையும் வாங்கிக்கொண்டிருந்தால் எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காக, பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த ஒரு வீட்டின் பழைய பேரேடு என் மேசைக்கு வந்தது. அதில் மகமைக்குத் தனிப் பற்று வரவு இருந்தது. ஓரிடத்தில் கடை முடைக்கு மகமையிலிருந்து 12 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். எட்டாம் நாள் வட்டியோடு திரும்ப வரவு வைத்திருக்கிறார்கள். எந்த வரி அதிகாரியும் கேட்டு எழுதியதில்லை அது. நம் ஊருக்குத் தெரிந்த முறைதான் ஆச்சி. அறக்கட்டளைக்குத் தனி பான் வாங்குங்கள், அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இந்த வாரமே.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்களுக்கு யாரோ பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். பொருள் விற்பவருக்கு 40 லட்சம் வரம்பு என்பது உண்மை. ஆனால் அது மாநிலத்துக்குள் விற்பவருக்கு. பெங்களூருக்கு ஒரு பொட்டலம் விற்றாலும் பதிவு கட்டாயம். விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் வரி கட்டும் தொகுப்புத் திட்டமும் வெளிமாநிலத்துக்கு விற்பவருக்குக் கிடையாது. இந்தப் பலகாரங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். பழைய பாக்கியை ஆடிட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு, வட்டியோடு நீங்களாகவே கட்டிவிடுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு கட்டுவது கூடுதல் சுமை.

அப்புறம் அறக்கட்டளைப் பத்திரம். 'நகரத்தார் குடும்பங்களின் கல்வி, மருத்துவ உதவிக்காக' என்று அதில் எழுதியிருந்தால் அது பெரிய சிக்கல். குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ சமயத்தாருக்கோ மட்டும் என்று 1962 ஏப்ரலுக்குப் பிறகு ஏற்படுத்திய தர்ம அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு கிடையாது. அதற்கு முந்தைய பழைய அறக்கட்டளைகளைப் பார்த்து வாசகத்தை அப்படியே எடுத்து எழுதிவிடுவதால் இங்கே பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. திருத்தும் அதிகாரம் பத்திரத்திலேயே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'ஏழைகளுக்கு' என்று பொதுவாக்கித் திருத்தப் பத்திரம் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவின்படி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதைச் சரிசெய்த பிறகே, அறக்கட்டளைக்கு வரி விலக்கு தரும் 12ஏபி பதிவும் நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி அனுமதியும் கேளுங்கள். அனுமதி வரும்வரை ரசீதில் 80ஜி என்று அச்சடிக்கவே கூடாது. வந்த பிறகும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. (வருமான வரிப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி சொன்னவை. 2026 ஏப்ரல் 1 முதலான கணக்குக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம், எண்கள் மாறும்.)

கடைசியாக அண்ணன். அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அறக்கட்டளைக்கு அவர் தரும் ஒவ்வொரு ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்குவது குற்றம். உங்கள் சொந்தச் செலவுக்கு அண்ணன் அனுப்புவது வேறு; உங்கள் கணக்கு வழியாக அறக்கட்டளைக்குப் போவது வேறு. இன்றைக்கே போன் போட்டு எந்தப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். சிங்கப்பூர் என்றால் அடுத்த தவணையை நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்ததில் மீதியைத் தொடாமல், வங்கி அறிக்கையையும் பத்திர நகலையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.