பதில்: கல்லூரியில் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’, பத்து நிமிஷம் என்ன பேசுறது?

தம்பி, மன்னார்குடி கல்லூரித் திரையிடல்ல ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும், “சூப்பர்”ங்கிறதைத் தாண்டி ஒண்ணும் வரலைன்னு கேட்டிருக்கீங்க.

கயித்தைப் பிடிச்சுக்கோங்க, அதுக்கே 4 நிமிஷம். தொடக்கத்துல வர்ற வடம் இழுக்குற போட்டி வெறும் கலாட்டா மாதிரிதான் தெரியும். கடைசியில கொடைக்கானல் குணா குகைக் குழியில விழுந்த நண்பரைத் தூக்கும்போது அதே பழக்கம்தான் கைகொடுக்குது. திரைக்கதையோட பெரிய பலம் இது.

அடுத்து மழை. தண்ணி குழிக்குள்ள பாயாம நண்பர்கள் குறுக்கே படுத்து மறிக்கிறாங்க. மடை அடைச்சுப் பழகின நம்ம டெல்டா ஆளுங்களுக்கு விளக்கமே வேணாம்.

குறைக்கு 3 நிமிஷம் ஒதுக்குங்க. விழுந்தவர், உள்ளே இறங்கினவர் ரெண்டு பேரைத் தவிர மத்தவங்க மனசுல தனித்தனியா நிக்கல. சின்ன வயசுக் காட்சிகள் ஏற்கெனவே புரிஞ்சதையே திரும்பச் சொல்லுது. படத்துக்கு அடிப்படையான 2006 நிஜச் சம்பவத்துல ஆள் பிழைச்சது தெரிஞ்ச கதை. அதனால ‘பிழைப்பாரா’ன்னு பதறுறதைவிட ‘எப்படி’ங்கிறதுதான் நம்மளை உக்கார வைக்குது.

படத்துல வர்ற ‘குணா’ படப் பாட்டை விட்டுடுங்க, எல்லாரும் அதைத்தான் பேசுவாங்க. 2019-ல குழந்தை விழுந்து இறந்த மணப்பாறை ஆழ்துளைக் கிணறு பலருக்கு ஞாபகம் வரும், நீங்களா இழுக்காதீங்க.