நாய்க்குட்டியை எப்போது ஆட்டில் விடலாம்?

வேல்ஸில் ஒரு மலைப்பண்ணையில் பார்டர் கோலி நாய்களைச் செம்மறி மேய்ப்புக்குப் பழக்குகிறேன். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, குட்டிக்கு 4 மாதம். ஆட்டைப் பார்த்தாலே பதுங்குகிறது. பழக்க ஆரம்பிக்கலாமா?

வேண்டாம் தம்பி. ஆட்டை முந்தி ஓடி எதிரே போய் நிற்கும் கால்வேகம் வரட்டும். முந்த முடியாத குட்டி பின்னால் துரத்த மட்டுமே கற்றுக்கொள்ளும். பெரும்பாலும் 8 முதல் 12 மாதத்துக்குள் அந்த வேகம் வந்துவிடும். அதுவரை கூப்பிட்டால் வரவும் சொன்னால் படுக்கவும் பழக்குங்கள். ஆட்டோடு தனியாக விடவே விடாதீர்கள்.

கேள்வி: முதல் நாள் என்ன செய்வது?

நாய்க்குப் பழகிய, மிரளாத ஐந்தாறு ஆடுகள், சின்ன வட்ட வேலி, இவை போதும். ஆட்டுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், கட்டளை எதுவும் சொல்லாதீர்கள். ஆட்டைத் தன் ஆளிடம் கொண்டுவரும் புத்தி கோலியின் ரத்தத்திலேயே இருக்கிறது. கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் நீங்கள் நின்றால், நாய் சுற்றிப் போய் 12-இல் நிற்கப் பார்க்கும். நீங்கள் நகர்ந்தால் அதுவும் நகரும். இதைத்தான் இங்கே பேலன்ஸ் என்கிறார்கள். அப்புறம் மெல்லப் பின்னோக்கி நடங்கள், நாய் ஆடுகளை உங்களிடம் ஓட்டி வரும். அது கடிகாரச் சுற்றில் போகும்போது 'கம் பை', எதிர்ச்சுற்றில் 'அவே' என்று சொல்லி வாருங்கள். தானாகச் செய்வதற்கு முதலில் பெயர் வைக்கிறோம், பெயரைச் சொல்லி வேலை வாங்குவது பிறகுதான். பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 5 மாதக் குட்டி, ஆனால் நல்ல வளர்த்தி...

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: காதில் சீழ் வடிகிறது.

உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை இதைவிட வேகமாக ஓடும். வெளிநாட்டு நாய் எதற்கு?

ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அது முயலைத் துரத்திப் பிடிக்க வளர்த்தெடுத்த நாய். கோலியிடம் இருப்பதும் வேட்டைப் புத்திதான். பதுங்குவதையும் கண்ணால் கட்டிப்போடுவதையும் வைத்துக்கொண்டு, கடித்துக் கொல்வதைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்திருக்கிறார்கள். 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபரிடம் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' சத்தமில்லாமல், பார்வையாலேயே வேலை செய்தது. இன்றைய கோலிகள் பெரும்பாலும் அதன் வழி வந்தவை.

கேள்வி: நாட்டு நாயைக் குறைத்துப் பேசுகிறீர்கள். கிடைக்கு நாய் இல்லாத கீதாரி உண்டா?

குறைக்கவில்லை ஐயா. ராத்திரியில் நரியும் திருடனும் அண்டாமல் கிடையைக் காப்பது பெரிய வேலை, அதற்குக் கோலி லாயக்கில்லை. காவல் வேறு, ஓட்டுவது வேறு. கிடை நாயிடம் 'கம் பை' எதிர்பார்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: 3 மாதக் குட்டியை...

8 மாதம் ஆகட்டும். இதே கேள்வி இனி வேண்டாம்.

கேள்வி: நான் வேலைக்குப் போகும்போது குட்டி பட்டியிலேயே இருக்கலாமா?

கூடாது. ஆள் இல்லாத இடத்தில் அது ஆடுகளைக் களைத்து விழும்வரை விரட்டும். ஒரு மதியம் நான் கதவைச் சரியாகச் சாத்தாமல் போனதில் ஒரு சினை ஆட்டை இழந்தேன். இன்றே ஒரு கூண்டு வாங்குங்கள்.