கொரில்லா பார்க்க ஒரு ஆளுக்கு 1500 டாலர் தகுமா? அறுபது வயது அம்மாவால் ஏற முடியுமா?

தகும். ஆனால் நீங்கள் சொல்லும் 1500 டாலர், கொரில்லா பார்க்க வாங்கும் பெர்மிட்டின் (அனுமதிச் சீட்டின்) ருவாண்டா விலை. 2017 வரை அங்கே 750 தான், ஒரே நாளில் இரட்டிப்பாக்கினார்கள். பக்கத்து நாடான உகாண்டாவில் அதே மலைக் கொரில்லாவை 800 டாலருக்குப் பார்க்கலாம். நான் போனது அங்கேதான், புவிண்டி காட்டின் ருஷாகா பகுதிக்கு. அதனால் என் பதில் கொஞ்சம் உகாண்டா பக்கம் சாயும். காங்கோவில் இன்னும் மலிவு. ஆனால் கிழக்குக் காங்கோவில் சண்டை ஓய்ந்தபாடில்லை, அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ருவாண்டாவின் கூடுதல் விலையில் உங்களுக்குக் கிடைப்பது முக்கியமாக வசதி. தலைநகர் கிகாலியில் இறங்கினால் நல்ல சாலையில் மூன்று மணி நேரத்துக்குள், கொரில்லாக்கள் இருக்கும் எரிமலைப் பூங்காவின் வாசலுக்குப் போய்விடலாம். உகாண்டாவின் எண்டெபேயில் இறங்கினால் புவிண்டி போய்ச் சேர ஒரு பகல் முழுக்க வண்டியில்தான். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கிகாலியில் இறங்கி, எல்லையைத் தாண்டித் தெற்கு புவிண்டிக்குப் போவது. அரை நாள் போதும். ருவாண்டா, உகாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும் கிழக்கு ஆப்பிரிக்க சுற்றுலா விசா 100 டாலர். அதை எடுத்துக்கொண்டால் எல்லையில் தலைவலி இல்லை.

ஒரு எச்சரிக்கை. புவிண்டியில் புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று நான்கு பகுதிகள். வரைபடத்தில் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். ஆனால் காட்டைச் சுற்றிப் போகும் மண் சாலையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பல மணி நேரம் ஆகும். பெர்மிட் எந்தப் பகுதிக்கு என்று உறுதியான பிறகுதான் அறைக்குப் பணம் கட்ட வேண்டும்.

சரி, ஒரு மணி நேரம் கொரில்லா பார்க்க ஏன் இவ்வளவு விலை? கொரில்லாக்கள் தினமும் சாயங்காலம் இலை தழைகளை வளைத்துப் புதிதாகப் படுக்கை போட்டுக்கொள்ளும். நாம் காலைச் சாப்பாட்டை முடிப்பதற்குள் டிராக்கர்கள் காட்டுக்குள் போய், முந்தைய நாள் அவற்றை விட்ட இடத்திலிருந்து தடம் பிடித்துத் தேட ஆரம்பித்திருப்பார்கள். கண்டுபிடித்ததும் நம் கைடுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். இதை வருஷத்தில் எல்லா நாளும் செய்கிறார்கள், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். கண்ணி அகற்றும் காவலர்கள், காட்டுக்குள்ளேயே போய் மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் எல்லாம் தனி.

ஆனால் விலையின் பெரிய காரணம், விற்கக்கூடிய சரக்கே குறைவு என்பதுதான். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம்தான். நம் சளி அதற்கு எமன். 2009ல் ருவாண்டாவில் மனிதர்களிடமிருந்து போன ஒரு சுவாச வைரஸால் கொரில்லாக்கள் செத்திருக்கின்றன. அதனால்தான் பத்து மீட்டர் தூரம், முகக்கவசம், பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்ற கெடுபிடி. மிருகக்காட்சி சாலையில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: அங்கே இருப்பவை தாழ்நிலக் கொரில்லாக்கள். மலைக் கொரில்லா உலகத்தில் எந்தக் கூண்டிலும் இல்லை. 1980களின் தொடக்கத்தில், இந்த மூன்று நாடுகளின் எல்லையில் இருக்கும் விருங்கா மலைகளில் சுமார் 250 தான் மிஞ்சியிருந்தன. 2018, 2019ல் வெளியான கணக்கெடுப்புகளின்படி விருங்காவில் 604, புவிண்டிப் பக்கம் 459. மனிதக் குரங்கு இனங்களில் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பது அநேகமாக இது ஒன்றுதான். பெர்மிட் காசுக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதில் எனக்கு உறுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். 1991ல் புவிண்டியைத் தேசியப் பூங்காவாக்கியபோது அங்கேயே வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு நிலமும் இல்லை, உருப்படியான இழப்பீடும் இல்லை. உகாண்டாவில் ஒவ்வொரு பெர்மிட்டிலும் சுற்றுவட்டார ஊர்களுக்கென்று ஒதுக்குவது 10 டாலர். 800ல் 10! ருவாண்டா பூங்கா வருமானத்தில் பத்து சதவீதத்தை ஊர்களுக்குக் கொடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் ருவாண்டாவுக்கு என் ஓட்டு.

உகாண்டா போனால் ஊர்க்காரர்கள் கைக்கு நேராகக் காசு போக ஒரு வழி, போர்ட்டர் வைத்துக்கொள்வது. என்னால் பையைத் தூக்க முடியும் என்று வீம்பு பிடிக்காதீர்கள். அவர்கள் பை தூக்குவது பேருக்குத்தான், உண்மையில் நம்மைத்தான் தூக்குகிறார்கள். புவிண்டியில் கால் வைக்கும் இடம் பல சமயம் தரையே இல்லை. கொடியும் தழையும் பின்னிக் கிடக்கும் மெத்தை அது, முழங்கால் வரை உள்ளே போகும். என் போர்ட்டர் ஒரு கல்லூரி மாணவி, விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, வழுக்கும் சரிவில் ஒரு கையால் என்னை இழுத்துக்கொண்டே போனார். தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறை கொண்டுபோங்கள். பிடிமானத்துக்குக் கை நீட்டும் இடமெல்லாம் காஞ்சொறிச் செடி. பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், எறும்புக்காக.

கொரில்லா கிட்டே வந்ததும் பை, குச்சி எல்லாவற்றையும் போர்ட்டரிடம் விட்டுவிட வேண்டும். முதலில் தெரிவது உருவம் அல்ல, சத்தம்: தண்டு ஒடிக்கும் சத்தம், மெல்லும் சத்தம். அப்புறம், நாள் முழுக்க இலை தின்னும் வயிறு என்ன செய்யுமோ அந்தச் சத்தம். தாராளமாக, கூச்சமே இல்லாமல். எங்கள் குழுவில் எல்லோரும் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தோம். கைடு தொண்டையைச் செருமுவது போல் ஒரு ஒலி எழுப்பினார், 'வம்புக்கு வரவில்லை' என்று அவற்றின் பாஷையில் சொல்வதாம். முதுகு வெளுத்த தலைவன், சில்வர்பேக் என்பார்கள், ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தின்ன ஆரம்பித்தது. பத்து மீட்டர் விதி குட்டிகளுக்குத் தெரியாது. ஒன்று உருண்டு எங்கள் பக்கம் வர, பின்னால் போங்கள் என்று கைடு எங்களைத்தான் விரட்டினார். போட்டோவுக்கு முதல் பத்து நிமிஷம் ஒதுக்கிவிட்டுக் கேமராவை இறக்கிவிடுங்கள். இருட்டிலும் இலை மறைவிலும் பாதிப் படம் கறுப்புத் திட்டாகத்தான் வரும், ஃபிளாஷுக்கும் அனுமதி இல்லை.

உகாண்டா போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலும் அந்த அட்டையைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம், அம்மாவின் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

அம்மாவால் ஏற முடியுமா? வயது தடையே இல்லை, முழங்கால்தான் கேள்வி. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர் என்றால் முடியும். காலையில் குழு பிரிப்பதற்கு முன்பே, அம்மாவுக்கு அதிகம் ஏற முடியாது, பக்கத்தில் இருக்கும் கொரில்லாக் குடும்பத்தைக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் சொல்லுங்கள். முடிந்தவரை பார்த்துக் கொடுப்பார்கள். ஆனால் கொரில்லா இடம் மாறிவிட்டால் அவர்கள் கையிலும் ஒன்றுமில்லை. கொஞ்சமும் நடக்க முடியாதவர்களைத் தூக்கிப் போக நாற்காலிப் பல்லக்கும் ஆட்களும் கிடைப்பார்கள், கட்டணம் தனி. எங்களுக்கு முந்தைய குழுவில் ஒரு பாட்டி அப்படித்தான் ராணி மாதிரி போய் வந்தாராம். கொரில்லா பார்க்கப் போகும் நாள் காலை சளி, இருமல் என்றால் யாரையும் உள்ளே விட மாட்டார்கள், அதனால் விமானத்திலேயே அம்மாவுக்கு முகக்கவசம் போட்டுவிடுங்கள். அம்மாவோடு என்றால் மழை குறைந்த மாதங்கள்தான் சரி, ஜூன் முதல் ஆகஸ்ட், அல்லது டிசம்பர் முதல் பிப்ரவரி. அந்த மாதங்களின் பெர்மிட் முதலில் தீர்ந்துவிடும், விமான டிக்கெட்டுக்கு முன்னால் அதைக் கேட்டு வையுங்கள்.