வீழ்ந்த தளவாயை என்ன செய்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாளையக்காரர் காலத்தில் நடப்பதாக ஒரு கற்பனை நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நாயகன் வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவன். ஆயுதத்தைக் கீழே போட்டவனைக் கொல்வதில்லை என்று ஆசானிடம் வாக்குக் கொடுத்தவன். அவன் ஊரை எரித்த தளவாய் (படைத்தலைவன்) கடைசியில் கோட்டை முற்றத்தில் வாளை இழந்து கிடக்கிறான். அண்ணன், காதலி, நண்பன், ஊர்ப் பெரியவர், கூடி நிற்கும் சனம் என எல்லோரும் “கொல்லு” என்கிறார்கள். நாயகன் மறுத்து, ஏன் கொல்லமாட்டான் என்று பேசுகிறான். அவன் திரும்பி நடக்கும்போது தளவாய் இடுப்பில் ஒளித்த பிச்சுவாவோடு பாய்ந்து, கால் தவறி மதிலிலிருந்து விழுந்து சாகிறான். படித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: “ஏமாத்திட்டீங்க.” கொன்றிருக்க வேண்டுமா? கொன்றால் நாயகன் கெட்டுப்போய்விட மாட்டானா? அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. ஆனால் ஏமாற்று வேலை மதிலில் தொடங்கவில்லை, அதற்கு மூன்று பக்கம் முன்பே தொடங்கிவிட்டது. ஐந்து தரப்பு பேசுகிறது. ஐந்தும் சொல்வது ஒன்றே: “விட்டால் திரும்பி வருவான்.” ஒரே காரணத்தை ஐந்து வாய் சொன்னாலும் அது ஒரு காரணம்தான். வாசகர் இரண்டாவது ஆளிலேயே தாண்டிப் போய்விடுவார். கொல்லச் சொல்கிற ஒவ்வொருவருக்கும் நாயகன்மேல் வேறு வேறு பாத்தியதை இருக்க வேண்டும். ஒருவரை மறுத்தால் வாக்குத் தவற வேண்டும், இன்னொருவரை மறுத்தால் நன்றி மறக்க வேண்டும், மூன்றாமவரை மறுத்தால் முட்டாளாக வேண்டும். அப்போதுதான் அவன் தயக்கத்துக்கு எடை வரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த கட்டுமானம் பாகவதத்தின் முதல் ஸ்கந்தம், ஏழாம் அத்தியாயம். தூங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் ஐந்து பிள்ளைகளையும் கொன்ற அசுவத்தாமனை அர்ஜுனன் துரத்திப் பிடித்து, மிருகத்தைக் கட்டுவதுபோலக் கயிற்றால் கட்டிவிடுகிறான். தேரோட்டிய கிருஷ்ணன் விடாதே, கொல் என்கிறான். அவன் பேச்சின் வரிசையைக் கவனியுங்கள். தூங்கிய குழந்தைகளைக் கொன்றவன் என்று குற்றத்தைச் சொல்கிறான். அடுத்து, யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போய், மயங்கியவன், தூங்குகிறவன், குழந்தை, பெண், சரணடைந்தவன், தேரிழந்தவன், பயந்தவன் ஆகியோரைத் தர்மம் அறிந்தவன் கொல்லமாட்டான் என்று எதிர்த்தரப்பின் வாதத்தைத் தானே எடுத்து வைக்கிறான். பிறர் உயிரில் தன் உயிரை வளர்ப்பவனுக்கு மரணமே நன்மை என்று உடனே அதைத் திருப்புகிறான். கடைசியாக, தலையைக் கொண்டுவருவேன் என்று நீ பாஞ்சாலிக்கு வாக்குக் கொடுத்தாய், நானே கேட்டேன் என்கிறான். குற்றம், தர்மம், வாக்கு என்று மூன்று பக்கமும் அடைத்தாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் அர்ஜுனன் குருவின் மகனைக் கொல்ல விரும்பவில்லை. கிருஷ்ணன் அவனைச் சோதித்தான் என்று அந்தச் சுலோகமே சொல்கிறது.

உங்கள் அத்தியாயத்தில் இல்லாதது இதற்கு அடுத்த படி. பாசறையில் திரௌபதி அவனைப் பார்க்கிறாள். கொல்லச் சொல்ல எல்லோரைவிடவும் உரிமை உள்ளவள் அவள்தான். அவளோ வணங்கி, விட்டுவிடச் சொல்கிறாள். பிள்ளைகளை இழந்து நான் அழுவதுபோல இவன் தாய் அழ வேண்டாம் என்கிறாள். தருமனும் மற்றவர்களும் ஒப்புகிறார்கள். பீமன் மட்டும் கொதிக்கிறான்: தனக்காகவும் இல்லை, தன் எசமானனுக்காகவும் இல்லை, வீணாகக் கொன்றானே, இவனைக் கொல்வதே இவனுக்கு நல்லது. ஆக, பாதிக்கப்பட்டவளே மன்னிக்கிறாள், பக்கத்தில் நிற்பவன் மன்னிக்கவில்லை. உங்கள் கதையில் ஊர் எரிந்தபோது யாருடைய வீட்டில் சாவு விழுந்தது? காதலியின் தம்பிக்கு என்று 12-ம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவள் கூட்டத்தோடு சேர்ந்து கத்தக்கூடாது. அவள் “வேண்டாம்” என்று சொல்லலாம், அல்லது ஒன்றும் சொல்லாமல் நாயகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கலாம். இரண்டாவது இன்னும் கொடுமை.

ஊர்ப் பெரியவரைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஆசானை வையுங்கள். கொல்லாமை விரதத்தைக் கொடுத்தவரே அதை உடைக்கச் சொன்னால்தான் நாயகனுக்குச் சாய ஒரு சுவரும் இருக்காது. ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ கார்ட்டூன் தொடரின் 2008-ம் ஆண்டு இறுதிப் பகுதியில் இதை நன்றாகச் செய்தார்கள். எதிரியைக் கொல்ல மனமில்லாத நாயகன் ஆங், தனக்கு முன்பிருந்த நான்கு அவதாரங்களிடம் வழி கேட்கிறான். அவர்களில் யாங்சென் அவனைப் போலவே காற்று நாடோடி, உயிர்களைப் போற்றும் அதே மரபில் வந்தவள். அவளும், உலகத்துக்கான கடமைக்கு முன்னால் உன் ஆன்மிகத் தேவையை விட்டுக்கொடு என்கிறாள். மற்ற மூவரைவிட அவள் பேச்சுதான் அவனை உலுக்குகிறது. அவன் வாதம் முழுவதும் அவள் மரபிலிருந்து வந்ததாயிற்றே.

அதே தொடர் வழுக்கிய இடமும் உண்டு. எதிரியின் ஆற்றலை மட்டும் பறிக்கும் வித்தையை ஒரு சிங்க ஆமை ஆங்குக்குக் கொடுக்கிறது, அதுவும் இறுதிப் பகுதியிலேயே. அந்த மிருகம் முன்பு படமாகத் தலைகாட்டியதோடு சரி. கேள்வியை அவ்வளவு கடுமையாகக் கேட்டுவிட்டுப் பதிலை வெளியிலிருந்து வரவழைத்தார்கள் என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. பாகவதத்தில் மூன்றாவது வழி எங்கிருந்து வருகிறது பாருங்கள். அசுவத்தாமனின் தலையில் பிறவியிலேயே ஒரு ரத்தின மணி இருக்கிறது. கொல்லவும் வேண்டும், கொல்லவும் கூடாது, பீமனுக்கும் பாஞ்சாலிக்கும் எனக்கும் பிடித்ததைச் செய் என்று கிருஷ்ணன் சொல்ல, அர்ஜுனன் புரிந்துகொண்டு மயிரோடு சேர்த்து அந்த மணியை வாளால் அறுத்தெடுக்கிறான். சிரைத்து, செல்வத்தைப் பறித்து, இடத்தைவிட்டு விரட்டுவதே அவனுக்கு வதம். வியாசபாரதத்தின் சௌப்திக பர்வத்தில் திரௌபதி கேட்பதே அந்த மணியைத்தான். அதை அணிந்தவனுக்கு ஆயுதம், நோய், பசி எதனாலும் பயமில்லை என்று அசுவத்தாமன் அங்கே சொல்கிறான். வெளியேறும் வழி வில்லனின் உடம்பிலேயே இருந்திருக்கிறது.

உங்கள் தளவாயிடம் அப்படி எதைப் பறிக்கலாம்? முத்திரை மோதிரத்தை இரண்டு இடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஆனால் அதனால் கதையில் ஒன்றும் நடக்கவில்லை. முதல் பத்து அத்தியாயத்துக்குள் ஒருமுறை அந்த மோதிரத்தால் ஒரு ஊரே காலியாக வேண்டும். நடுவில் ஒருமுறை அது தொலைந்து, தளவாயின் சொல்லை அவன் காவற்காரனே மதிக்காமல் போக வேண்டும். அப்புறம் முற்றத்தில் நாயகன் அதைக் கழற்றினால் போதும், விளக்கம் வேண்டாம். இரண்டு முறைக்குமேல் காட்டினால் வாசகருக்கு முன்பே தெரிந்துவிடும்.

அடுத்து, நாயகனின் ஒன்றரைப் பக்கப் பேச்சு. இங்கே கம்பனிடம் போங்கள். “இன்று போய் நாளை வா” எல்லோருக்கும் தெரியும், ஆனால் அங்கே இராமனை யாரும் கொல்லச் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியது இராவணன் வதைப் படலத்தில் இருக்கிறது. அடிபட்டு இராவணன் தேரில் மயங்கிக் கிடக்கிறான். இராமனின் தேரோட்டி மாதலி, “தேறினால் பின்னை யாதும் செயற்கு அரிது,” அடிபட்டுக் கிடக்கும்போதே கொல் என்று தூண்டுகிறான். மாதலிக்குப் பகையும் இல்லை, இழப்பும் இல்லை. அவன் சொல்வது வெறும் போர்க்கணக்கு, அதுவும் சரியான கணக்கு. இராமன் பதில் நான்கே அடி:

“படைதுறந்து மயங்கிய பண்பினான்
இடைபெறும் துயர் பார்த்து இகல் நீதியின்
நடைதுறந்து உயிர் கோடலும் நன்மையோ
கடைதுறந்தது போர் என் கருத்து.”

இதில் தத்துவம் இல்லை, இராவணன் திருந்துவான் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆயுதமில்லாமல் மயங்கிக் கிடப்பவனின் துன்பத்தைப் பார்த்துப் போர்நெறியை விட்டு உயிரெடுப்பது நன்மையா என்று கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறான். மாதலியின் கணக்கு தப்பு என்று அவன் சொல்லவில்லை. இராவணன் தெளிகிறான், போர் மறுபடி நடக்கிறது. உங்கள் நாயகனோ எதிர்வாதம் ஒவ்வொன்றையும் முறியடித்துவிட்டுத்தான் மறுக்கிறான். வாதத்தில் ஜெயித்துவிட்டால் அப்புறம் மறுப்பதில் என்ன வீரம்? அண்ணன் சொல்வதே நியாயம் என்று வாசகருக்கும் படட்டும், நாயகனுக்கும் படட்டும். அப்படியும் கை எழவில்லை என்று எழுதுங்கள். நான்கைந்து வரி போதும்.

இனி மதில். வில்லன் தானாகச் சாவது எப்போதும் ஏமாற்று அல்ல. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலின் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் (படத்தில் இது வேறு விதம்) தோற்றுப்போன மந்திரவாதி சாருமானைக் கொல்லச் சொல்லி ஊரார் கத்துகிறார்கள். நாயகன் ஃப்ரோடோ விடச் சொல்கிறான். உங்கள் தளவாயைப் போலவே சாருமானும் கத்தியால் குத்துகிறான். உள்ளே இருந்த கவசத்தில் பட்டுக் கத்தி முறிகிறது. அதற்குப் பிறகும் ஃப்ரோடோ கொல்லாதே என்கிறான். என் பழிவாங்கலின் ருசியையே கெடுத்துவிட்டாய் என்று சாருமான் வெறுப்போடு சொல்கிறான், கருணை அவனைச் சுடுகிறது. போகிற போக்கில் அவன் தன் அடிமை வோர்ம்டங்கை எத்தி, அவன் செய்த கொலையைப் போட்டுக்கொடுக்க, வோர்ம்டங் பின்னாலிருந்து சாருமானின் கழுத்தை அறுத்துவிடுகிறான். உங்களுடையதற்கும் இதற்கும் வித்தியாசம் இரண்டு. குத்து விழுந்த பிறகும் நாயகன் மறுக்கிறான், அதனால் அவன் மறுப்பு சோதிக்கப்பட்டுவிட்டது. சாவும் வில்லன் பல காலம் ஒருவனை மிதித்த மிதியிலிருந்து வருகிறது, வழுக்கும் கல்லிலிருந்து அல்ல. தளவாயைச் சாகடித்தே தீர வேண்டுமென்றால், 7-ம் அத்தியாயத்தில் அவனிடம் சவுக்கடி வாங்கிய அந்தக் குதிரைக்காரன் முற்றத்தில் எங்கே நிற்கிறான் என்று பாருங்கள்.

“கொன்றால் நாயகன் கெட்டுப்போவானே” என்று கேட்கிறீர்கள். கெட்டுப்போகட்டுமே! வெர்ஜிலின் லத்தீன் காவியம் ‘ஈனியட்’ அப்படித்தான் முடிகிறது. தொடையில் காயம்பட்டு மண்டியிட்ட எதிரி டர்னஸ், தன் கிழத் தந்தையை நினைத்து இரங்கச் சொல்லிக் கெஞ்ச, நாயகன் ஈனியஸின் கை நிற்கிறது. அப்போது டர்னஸின் தோளில் கிடக்கும் வார் கண்ணில் படுகிறது. பத்தாம் காண்டத்தில் கொல்லப்பட்ட இளைஞன் பல்லாஸின் உடம்பிலிருந்து பறித்த வார் அது. பேசித் தூண்ட அங்கே யாருமில்லை, ஒரு தோல்பட்டை தூண்டிவிடுகிறது. குத்துகிறான், காவியம் அங்கேயே நின்றுவிடுகிறது. வருந்தினானா என்று கவிஞர் சொல்லவில்லை. கொல்ல வைப்பதானால் இந்த அளவுக்குத் துணிய வேண்டும். கொன்றுவிட்டுப் பக்கம் பக்கமாக அழ வைத்தால், கொல்லவும் செய்து நல்ல பெயரும் வாங்கப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். செய்யவே கூடாதது ‘இலியட்’ ஆறாம் காண்டத்து மெனலாவுஸ் செய்வது. பிடிபட்ட அட்ரஸ்டஸ் வெண்கலமும் பொன்னும் இரும்பும் தருவதாகக் கெஞ்ச, அவன் மனமிளகுகிறான். அண்ணன் அகமெம்னன் ஓடிவந்து திட்ட, அட்ரஸ்டஸைக் கையால் தள்ளிவிடுகிறான், அண்ணன் குத்துகிறான். ஹோமருக்கு அது பொருந்தும், மெனலாவுஸ் அப்படிப்பட்ட ஆள். உங்கள் நாயகன் தளவாயை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டு ஒதுங்கினால் வாசகர் மன்னிக்கமாட்டார்.

விட்டுவிடுவதாக முடிவெடுத்தால் விலையைத் தள்ளிப்போடாதீர்கள். பாகவதத்தில் ஏழாம் அத்தியாயத்தில் கருணை, எட்டாம் அத்தியாயத்தில் அபிமன்யுவின் மனைவி உத்தரையின் கருவை நோக்கி அசுவத்தாமன் ஏவும் அஸ்திரம். நடுவில் சில சுலோகங்கள்தான். பிள்ளை கிருஷ்ணனால் பிழைக்கிறது, ஆனால் பீமன் சொன்னது பொய்யில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நீங்கள் முற்றத்துக்கு அடுத்து 40 பக்கத்துக்குக் கல்யாண விருந்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பின்னால் தள்ளுங்கள். மோதிரம் இல்லாத தளவாய் முதல் இரவு எந்த ஊர்ச் சாவடியில் படுக்கிறான், அந்த ஊரில் யாருக்கு என்ன ஆகிறது என்பதை முதலில் எழுதுங்கள். அதைக் கேட்டுவிட்டு அண்ணன் கல்யாணப் பந்தலுக்கு வருவானா என்பது அதன் பிறகு உங்களுக்கே தெரியும்.