ஆன்லைனில் எவ்வளவு விண்ணப்பித்தும் அழைப்பு வரவில்லை. தெரிந்தவர்கள் இருந்தால்தான் வேலை கிடைக்குமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் 4 வருட அனுபவம், சென்னையில் வேலை. நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் தினமும் விண்ணப்பிக்கிறீர்கள், பதில் இல்லை. கூட வேலை பார்த்தவர் காலேஜ் சீனியர் ஒருவர் மூலம் சட்டென்று கம்பெனி மாறிவிட்டார். அப்படியானால் ஆன்லைன் எல்லாம் வீண்தானா என்று கேட்கிறீர்கள்.

வீண் இல்லை. ஆனால் அந்தத் தளங்களில் பலன் குறைந்த பாதியை மட்டும்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். தெரிந்தவர்கள் மூலம் முயன்றாலும், எதை முதலில் செய்வது என்ற வரிசை தவறினால் அதுவும் வீணாகிவிடும். இரண்டையும் பார்ப்போம்.

நௌக்ரி 1997 முதல் இருக்கிறது. நாம் பார்ப்பது விளம்பரம், 'அப்ளை' பட்டன் மட்டுமே. கம்பெனிகளும் அவற்றுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சிகளும் பணம் கட்டி வாங்குவது அதன் ரெஸ்யூம் கிடங்கில் தேடும் உரிமையை. ஒரு விளம்பரத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவிந்தால் ஹெச்.ஆர். அதை வரிசையாகப் படிப்பதில்லை. கிடங்கில் நேரடியாகத் தேடி, கிடைக்கும் முதல் சில பக்கங்களுக்குப் போன் போடுகிறார். அந்தத் தேடலில் அவர் நிரப்பும் கட்டங்கள்: திறன் பெயர்கள், அனுபவ வருடம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், ஊர், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாள்கள்), கடைசியாக எத்தனை நாளுக்குள் தளத்துக்கு வந்தவர் என்பது. இதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலோ பொருந்தாவிட்டாலோ உங்கள் பெயர் பட்டியலிலேயே வராது. யாரும் உங்களை நிராகரிக்கவில்லை, பார்க்கவே இல்லை.

ஆகவே முதல் வேலை அந்தக் கட்டங்களைச் சரிசெய்வது. ஹெட்லைனில் 'சவாலான பணியைத் தேடும் கடின உழைப்பாளி' என்று எழுதினால் எந்தத் தேடலிலும் சிக்காது. 'செலினியம், ஜாவா, ஏபிஐ டெஸ்டிங், 4 வருடம், வங்கித் துறை, சென்னை' என்று இருந்தால் சிக்கும். விளம்பரத்தில் கருவியின் பெயர் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் போடுங்கள். மதுரையில் உட்கார்ந்து சென்னை வேலை தேடுபவர்கள் விருப்ப ஊர்ப் பகுதியில் சென்னையைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அடிக்கடி நடக்கும் கோளாறு இது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது உள்ளே போய் ஏதேனும் ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள். கிடங்கில் தூங்கும் பழைய ரெஸ்யூம்களோடு உங்களுடையதும் கீழே போய்விடக் கூடாது.

நோட்டீஸ் பீரியட் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். நம் ஐடி கம்பெனிகளில் 60, 90 நாள் சகஜம். அவசரமாக ஆள் தேடுபவர் '15 நாளுக்குள்', '30 நாளுக்குள்' என்று வடிகட்டும்போது 90 நாள்காரர் மொத்தமாக விழுந்துவிடுகிறார். இதற்காகப் பொய் எண் போடாதீர்கள், ஆஃபர் கட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பணம் கட்டி நாளைக் குறைக்க உங்கள் கம்பெனி அனுமதிக்குமா என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படித்து வைத்திருங்கள். அனுமதி உண்டு என்றால் அதையும் ப்ரொஃபைலில் ஒரு வரியாகச் சேருங்கள்.

ரெஸ்யூம் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பக்கத்தை இடம், வலம் என இரண்டாகப் பிரிக்க வேண்டாம், அட்டவணை வேண்டாம், படம் வேண்டாம், போன் எண்ணைப் பக்கத்தின் தலைப்பகுதிக்குள் (ஹெடர்) வைக்காதீர்கள். சில மென்பொருள்கள் அந்த இடத்தைப் படிப்பதே இல்லை. நம்மவர்களுக்கு மட்டும் இருக்கும் தொல்லை இனிஷியல். மார்க் ஷீட்டில் 'கே. ரமேஷ்', பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக, ஆதாரில் வேறு மாதிரி. பின்னணிச் சரிபார்ப்பிலும் பி.எஃப். மாற்றத்திலும் இது இழுத்தடிக்கும். வேலை தேடத் தொடங்கும்போதே ஆதார், பான், யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள்.

இனி ஆட்கள் விஷயம். அமெரிக்காவில் பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து, சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 56 பேர், அபூர்வமாகப் பார்ப்பவர்கள் 28 பேர். காரணம் எளிது. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த ஓப்பனிங் உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம் வேறு வட்டத்தில் உலவுகிறார், புதுச் செய்தி அவரிடம்தான் இருக்கிறது. 2022-இல் லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. பெயரளவில் மட்டும் தெரிந்தவரைவிடவும் உயிர் நண்பரைவிடவும், நடுவில் இருக்கும் அரைகுறை அறிமுகம்தான் அதிகம் உதவுகிறது. கணினி சார்ந்த துறைகளில் இந்தத் தூரத்து அறிமுகம் பலமாக வேலை செய்கிறது. கணினிப் பயன்பாடு குறைந்த துறைகளில் நெருக்கமான உறவே மேல். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை மாமா, மச்சான், பழைய முதலாளி வழியாகப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. உங்கள் துறைக்கு முதல் வகை பொருந்தும்.

யாரைத் தேடுவது? லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்துக்குப் போனால் பழைய மாணவர்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள் என்று வடிகட்டிப் பார்க்கலாம். அதைவிட மதிப்புள்ளவர்கள் உங்களோடு ஒரே ப்ராஜெக்டில் இருந்து வேறு இடம் போனவர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் அவர்கள். கிளையன்ட் பக்கத்து ஆட்களிடம் கேட்கும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். கிளையன்ட் கம்பெனிக்கு நேரடியாகப் போகக் கூடாது என்ற விதி பல இடங்களில் உண்டு.

ரெஃபரல், அதாவது உள்ளே வேலை பார்ப்பவர் உங்களைப் பரிந்துரைப்பது, கேட்கும் வரிசை இப்படி. கம்பெனியின் சொந்த வேலைப் பக்கத்தில் பொருத்தமான ஓப்பனிங்கைக் கண்டுபிடித்து அதன் ஜாப் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்ளை பட்டனை இன்னும் தொடாதீர்கள். பிறகு ஆளிடம் கேளுங்கள். அவர் உள் தளத்தில் உங்கள் மின்னஞ்சலையும் போன் எண்ணையும் பதிவார். பெரும்பாலும் உங்களுக்கு ஒரு லிங்க் வரும், ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். அந்த லிங்க் வழியாகவே விண்ணப்பத்தை முடியுங்கள்.

ஏன் இந்த வரிசை? பல கம்பெனிகளில் ஒரு விண்ணப்பதாரர் முதலில் எந்த வழியாக உள்ளே வந்தாரோ அந்த வழிக்கே சில மாதம் சொந்தம். நீங்கள் முந்தி நேராக விண்ணப்பித்துவிட்டால், பின்னால் போடும் ரெஃபரலை 'ஏற்கெனவே பதிவில் உள்ளவர்' என்று தளம் தள்ளிவிடும். இன்னும் மோசம், கன்சல்டன்சி. "உங்க ப்ரொஃபைலை ஷேர் பண்ணட்டுமா?" என்று போனில் கேட்பார்கள், எந்தக் கம்பெனி என்று தெரியாமலே சரி என்போம். ஆறு இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள். ஆறிலும் உங்கள் பெயர் பூட்டப்பட்டிருக்கும். கம்பெனி பெயரும் ஜாப் ஐடியும் சொன்னால் மட்டும் சம்மதியுங்கள், அதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். உங்கள் பக்கம் எல்லா இடத்திலும் ஒரே மின்னஞ்சல், ஒரே எண் இருக்கட்டும். மாற்றி மாற்றிக் கொடுத்தால் ரெஃபரல் ஒரு பதிவிலும் விண்ணப்பம் இன்னொன்றிலும் ஒட்டாமல் கிடக்கும்.

கேட்கும் செய்தி சின்னதாக இருக்க வேண்டும். "ஹாய் அண்ணா, ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்பதற்குப் பதில் எழுத அவருக்கு வழியே இல்லை. உங்களுக்காக அவர் தேட வேண்டியிருக்கிறது. இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் அண்ணா. நான் நம்ம காலேஜ் 2020 ஐடி பேட்ச். 4 வருஷமா ஆட்டோமேஷன் டெஸ்டிங்ல இருக்கேன். உங்க கம்பெனியில இந்த ஜாப் ஐடி ஓப்பன்ல இருக்கு. இது உங்க டீம் பக்கமா, ஆள் இன்னும் எடுக்கறாங்களா? பொருத்தமா இருக்கும்னு தோணினா ரெஃபர் பண்ண முடியுமா? ரெஸ்யூமும், எனக்கு எது பொருந்துதுன்னு மூணு வரியும் கீழ வச்சிருக்கேன்."

அந்த மூன்று வரி முக்கியம். அவர் அதை அப்படியே ரெஃபரல் படிவத்தில் ஒட்டலாம். முன்பின் தெரியாதவர் என்றால் அண்ணா, அக்கா வேண்டாம், சார், மேடம் போதும். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் இணைப்புக் கோரிக்கையோடு குறிப்பு சேர்க்க மாதத்துக்குச் சிலமுறைதான் அனுமதி, அதுவும் 200 எழுத்துக்குள். எனவே அதை முக்கியமான ஆட்களுக்கு ஒதுக்குங்கள்; குறிப்பில் கல்லூரியையும் ஜாப் ஐடியையும் மட்டும் சொல்லி, மீதியை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு அனுப்பலாம். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரேயொரு நினைவூட்டல். ஒரே கம்பெனியில் நாலு பேரிடம் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். முதலில் பதிந்தவருடையது மட்டுமே நிற்கும், மற்ற மூவரும் வீணாக உழைத்திருப்பார்கள்.

ரெஃபர் செய்பவருக்குப் பல இடங்களில் ஊக்கத்தொகை உண்டு. நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால்தான் அது கைக்கு வரும். ஆகவே கேட்பதற்கு அளவுக்கு மீறிக் கூச வேண்டாம். அதே சமயம் ரெஃபரல் ரெஸ்யூமைத் திறக்க வைக்கும், அவ்வளவுதான். இன்டர்வியூவில் அதற்கு வேலையில்லை.

லிங்க்ட்இன்னில் 'வேலை தேடுகிறேன்' என்பதைப் பச்சை வளையத்தால் எல்லோருக்கும் காட்டாமல், ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்க முடியும். உங்கள் சொந்தக் கம்பெனி ரெக்ரூட்டர்களுக்கு அது தெரியாமலிருக்க முயல்கிறோம் என்றுதான் லிங்க்ட்இன் சொல்கிறது, உத்தரவாதம் தருவதில்லை. இதைப் படிக்கும் ஐடி அல்லாதவர்களுக்கு: தமிழக அரசின் தனியார்துறை வேலை இணையம் இலவசம். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத் தொழிற்சாலை வேலை தேடுபவர்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்களையும் விடாதீர்கள்.

கடைசியாக, தெரிந்தவர் மூலம் வருவதெல்லாம் நல்லது என்று எண்ண வேண்டாம். 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று அழைக்கப்பட்டு மியான்மரின் மியாவதியில் அடைக்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். மோசடி ஏஜெண்டுகள் சமூக வலைத்தளங்களிலும் தெரிந்தவர்கள் வழியாகவும்தான் வலை வீசுகிறார்கள். வெளிநாடு என்றால் ஏஜெண்ட் மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். உள்நாட்டில் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று ஆஃபருக்கு முன் ஒரு ரூபாய் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். கட்டிவிட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பரிவர்த்தனை எண்ணும் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்ற விவரமும் கையில் இருக்கட்டும்.