தனி வீட்டில் பாதுகாப்புக்குத் துவக்கு வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தோட்டத்து லயத்தை (வரிசை வீட்டை) விட்டு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டி வந்திருக்கிறோம். கணவருக்குக் கொழும்பில் வேலை. இரவில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். துவக்குக்கு லைசென்ஸ் எடுக்கலாமா, இல்லை கத்தி போதுமா?

தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். துவக்கு வேண்டாம். கத்தி எப்படியும் வீட்டில் இருக்கும், ஆனால் அதை நம்பித் தூங்காதீங்க.

நான் துவக்கைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. கந்தப்பளைப் பக்கம் எங்கள் மரக்கறித் தோட்டத்துக்காக அப்பா பெயரில் லைசென்ஸோடு ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று இருந்தது. பன்றி இறங்கினால் ஒரே இரவில் கிழங்குப் பாத்தி முழுக்க உழுதுவிட்டுப் போய்விடும், அதற்காக. துவக்கு அப்பாவின் அறையில் பூட்டிக் கிடக்கும். தோட்டா பிஸ்கட் டின்னில், அம்மாவின் அலுமாரிக்குள். அலுமாரிச் சாவி அம்மாவின் இடுப்பில். ராத்திரி துவக்கை எடுக்க வேண்டுமென்றால் அப்பா அம்மாவை எழுப்பியாக வேண்டும், அம்மா "எதுக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் பாதிக் கோபமும் பாதிப் பயமும் இறங்கிவிடும்.

ஒருநாள் தூறல் நேரம், லீக்ஸ் பாத்திக்குள் ஏதோ நகர்ந்தது. அப்பா துவக்கைத் தொடவேயில்லை. ஜன்னலைத் திறந்து டோர்ச்சை அடித்தார், "யாரு?" என்று மூன்று மொழியிலும் கேட்டார் (அவருடைய மூன்றாம் மொழி ஒரு கெட்ட வார்த்தைதான்). பனிமூட்டத்துக்குள்ளிருந்து, "நான்தாண்ணே, மாடு அவுத்துக்கிட்டு வந்திருச்சு" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கத்தினார். முதலில் வெளிச்சம், அடுத்தது குரல். ஆள் யாரென்று தெரியாமல் குழலை அந்தப் பக்கம் திருப்பவே கூடாது என்பார் அப்பா. பன்றிக்குச் சுடும்போதும் பின்னால் லயம் இருக்கிறதா, பாதை இருக்கிறதா என்று பார்த்துத்தான் சுடுவார்.

இப்போது உங்கள் விசயத்துக்கு வருவோம். பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்கென்றால் மாவட்டச் செயலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஆள் பாதுகாப்புக்கென்றால் பாதுகாப்பு அமைச்சு. எதுவானாலும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முக்கியமான சிக்கல் வேறு. லைசென்ஸ் வீட்டுக்குத் தருவதில்லை, பெயர் குறித்த ஆளுக்குத்தான் தருவார்கள். கணவர் பெயரில் எடுத்தால் அவர் கொழும்பில் இருப்பார், துவக்கு உங்கள் கட்டிலடியில் இருக்கும், லைசென்ஸோ உங்கள் பெயரில் இருக்காது. லைசென்ஸ் இல்லாத துவக்கு 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாரதூரமான குற்றம். அதிலும் தமிழ் வீட்டில் லைசென்ஸ் இல்லாத துவக்கு அகப்பட்டால், பொலிஸ் அதைப் பன்றிக்கு வைத்ததாக மட்டும் பார்க்காது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கம்பியில் கால் பட்டதும் தானாகச் சுடுகிற கட்டுத்துவக்கைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளையே வீட்டுப் பக்கம் சேர்க்காதீங்க. அது விறகு பொறுக்க வருகிற பிள்ளையையும் பன்றியாகத்தான் பார்க்கும்.

சட்டம் தற்காப்பை மறுக்கவில்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. உயிருக்கோ பெருங்காயத்துக்கோ நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் போன்றவை நேர்ந்தால் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்கிறது 93. இரவில் வீடு உடைத்து நுழைவதை 96 சேர்த்துக்கொள்கிறது. ஆனால் எல்லோரும் படிக்காமல் தாண்டிப் போகும் பிரிவு 92. அதிகாரிகளின் உதவியைப் பெற நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. ஆள் வாசலைத் தாண்டி ஓடத் தொடங்கிவிட்டால் வீட்டுக்குள் இருந்த ஆபத்து போய்விட்டது. அதற்குப் பிறகு தேயிலைக்குள் துரத்திப் போய் முதுகில் வெட்டினால் வழக்கு உங்கள் பேரில்தான். 'தற்காப்புக்குச் செய்தேன்' என்று சொன்னால் போதாது, சாட்சியக் கட்டளைச் சட்டம் 105ஆம் பிரிவின்படி அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது.

கத்தியைப் பற்றி. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கிற பழக்கம் நம்மவர்களிடம் பழையது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு மிளகாய்த்தூளும் சேர்ந்துகொண்டது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், இருட்டில், பிள்ளைகள் தரையில் படுத்திருக்கும்போது கத்தி வீசினால் யார் மேல் படும்? பலசாலி உங்கள் கையிலிருந்து பறித்துக்கொண்டால்? தப்பிக்க வழியே இல்லாமல் பிள்ளைகளோடு மூலைக்குள் மாட்டிக்கொண்டால் கையில் கிடைப்பதை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த நிலைக்கு முன்னால் எத்தனை கதவு இருக்கிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

நான் சில வருடம் மத்தியஸ்த சபையில் இருந்தேன். சின்னச் சச்சரவுகளைப் பேசித் தீர்க்க 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தவை இந்தச் சபைகள். வார இறுதியில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று பேராக உட்கார்ந்து வழக்கு கேட்போம். கத்தியைக் காட்டினான், மம்பட்டியை ஓங்கினான் என்று வருகிற பிரச்சினைகளில் முகம் தெரியாத கள்வன் வந்த ஞாபகம் எனக்கு அதிகமில்லை. வந்தவர்கள் எல்லாம் பக்கத்து வீடு, மச்சான், சீட்டுக்காசு பாக்கி. கான் (வடிகால்) தண்ணி யார் பக்கம் ஓடுவது என்பதில் தொடங்கும். மாதக்கணக்கில் முறைத்துக்கொண்டு, சம்பள நாளில் குடித்துவிட்டு வாசலுக்கு வருவார். உங்களுக்கும் புது எல்லை, புது அயலவர். வேலியிலோ கானிலோ சின்ன உரசல் வந்தால் அன்றைக்கே பேசுங்க, முடியாவிட்டால் கிராம சேவகர், அதற்கும் மேலே மத்தியஸ்த சபை. குடித்துவிட்டு வாசலில் கத்துகிறவரோடு கதவைத் திறந்து நியாயம் பேச வேண்டாம். அவர் சொல்வது முழுப் பொய்யாக இருந்தாலும் காலையில் பேசிக்கொள்ளலாம். பாதிப் பேருக்குக் காலையில் ஞாபகமே இருக்காது.

தனி வீட்டில் நீங்கள் இழந்தது ஒன்று உண்டு. லயத்தில் ஒரு சத்தம் போட்டால் பத்துக் கதவு திறக்கும். அதைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளுங்க. மேல் வீடு, கீழ் வீடு இரண்டோடும் பேசி வையுங்க: விசில் ஊதினால் எல்லா வீட்டிலும் வெளி லைட் எரிய வேண்டும், இரண்டு ஆம்பளைகள் சேர்ந்து வர வேண்டும், யாரும் தனியாக வரக் கூடாது. பொலிஸுக்கு 119ஐ அழையுங்க, ஆனால் மலைப் பாதையில் ஜீப் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். காயமென்றால் அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்க. சிக்னல் வீட்டில் எந்த மூலையில் எடுக்கிறது என்று பகலிலேயே பார்த்து, பிள்ளைகளோடு அடைந்துகொள்ளும் அறையை அதற்கேற்ப முடிவு செய்யுங்க. நாய் வளர்த்தால் இரவில் வெளியே கட்டிப் போடாதீங்க, சிறுத்தைக்கு அது விருந்து.

ஏதாவது நடந்து பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால், தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்க. சிங்களத்தில் எழுதினால் முழுவதும் வாசித்து விளக்கச் சொல்லி, நீங்கள் சொன்னதுதான் இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீங்க. வக்கீலுக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கணவர் அடுத்த முறை வரும்போது துவக்கு ஃபோர்மைத் தேடி அலைய விடாதீங்க. புது வீடுகளில் முன்கதவு பலகையாக இருக்கும், குசினிக் கதவுக்கு ஒரு சின்னக் கொக்கிதான் போட்டிருப்பார்கள். அதற்கு உள்ளே குறுக்குச் சட்டம் அடித்து, கூரை விளிம்பில் ஒரு பல்ப் போட்டுத் தரச் சொல்லுங்க. சுவிட்ச் உள்ளே, கட்டிலில் இருந்தே கை எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.